பார்த்தால் மோட்டார் சைக்கிள். சட்டத்தில் வெறும் சைக்கிள்!

அமெரிக்கச் சிறுவர்களை மயக்கும் மின்சார வண்டி

பெற்றோர் பார்க்க வேண்டியது உருவத்தை அல்ல, ஒட்டியிருக்கும் சீட்டை!

பார்த்தால் மோட்டார் சைக்கிள். ஆனால் "டுப், டுப்" என்ற சத்தம் இல்லை. புகை இல்லை. பெட்ரோல் வாசனை இல்லை. ஓட்டி வருகிறவன் மீசை கூட அரும்பாத சிறுவன். அவனிடம் லைசென்சு கிடையாது. வண்டிக்கு நம்பர் பிளேட்டும் கிடையாது.

போலீஸ்காரர் ஏன் அவனைப் பிடிக்கவில்லை?

பிடிக்க முடியாது. சட்டத்தின் கண்ணுக்கு அது மோட்டார் சைக்கிளே அல்ல, வெறும் சைக்கிள்!

அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தின் கடற்கரை ஊர்களில் இது இன்று சாதாரணக் காட்சி. பள்ளிக்கூடம் விட்டதும் சிறுவர்களும் சிறுமிகளும் இந்த வண்டியில் கூட்டம் கூட்டமாகப் பறக்கிறார்கள்.

ஆனால் அதே தெருவில், அதே உருவத்தில், இன்னொரு வண்டியும் ஓடுகிறது. அது சைக்கிள் அல்ல. அதை ஓட்ட லைசென்சு வேண்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால், காசு கொடுத்து வாங்கிய தகப்பனாருக்கே வித்தியாசம் தெரிவதில்லை. வினை அங்கேதான் ஆரம்பமாகிறது.

எப்படி இருக்கும்?

இந்த வண்டியின் டயர் 4 அங்குல அகலம். சாதாரண சைக்கிள் டயரைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் பருமன்! இரண்டு பேர் உட்காரக்கூடிய நீண்ட மெத்தை ஆசனம். முன்னால் பெரிய வட்ட விளக்கு. பெட்ரோல் டாங்கி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெட்டி. அதற்குள் இருப்பது பெட்ரோல் அல்ல, பாட்டரி.

சைக்கிள் என்பதற்கு ஒரே அடையாளம், கீழே இருக்கும் இரண்டு பெடல்கள்தான். ஆசனம் தாழ்வாக இருப்பதால், அந்தப் பெடலை நெடுந்தூரம் மிதிப்பது கஷ்டம். முழங்கால் மடங்கியே இருக்கும். ஆகவே பலர் மிதிப்பதில்லை. கைப்பிடியில் உள்ள ஆக்சிலேட்டரைத் தொட்டால் போதும், வண்டி கிளம்பிவிடும்.

எடையும் அதிகம். பல வண்டிகள் 30 கிலோ வரை இருக்கும். சாதாரண சைக்கிள்கள் இரண்டைச் சேர்த்துத் தூக்குவது போல!

ஏன் இந்த மோகம்?

கலிபோர்னியாவில் கார் ஓட்ட லைசென்சு வாங்க 16 வயது ஆக வேண்டும். மொபெட்டுக்கும் அப்படித்தான். ஊர்களோ பரந்து கிடக்கின்றன. பள்ளிக்கூடம் ஒரு பக்கம், விளையாட்டு மைதானம் ஒரு பக்கம், கடற்கரை ஒரு பக்கம். எங்கே போவதானாலும் அப்பாவோ அம்மாவோ காரில் கொண்டு போய் விட வேண்டும்.

13 வயதுப் பையனுக்கு இது பெரிய விலங்கு. இந்த வண்டி அந்த விலங்கை அறுத்துவிட்டது! சிநேகிதனைப் பின்னால் ஏற்றிக்கொள்ளலாம். வியர்வை சிந்தாமல் மேட்டில் ஏறலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, பார்க்கிறவர்கள், "அடே, மோட்டார் சைக்கிள்!" என்று திரும்பிப் பார்க்கிறார்கள்.

பெற்றோருக்கும் இதில் சவுகரியம் உண்டு. தினமும் கார் ஓட்டும் வேலை மிச்சம். பெட்ரோல் செலவு இல்லை. இரவில் வீட்டு மின்சாரத்தில் இணைத்துவிட்டால் காலையில் வண்டி தயார். பிள்ளை வீட்டுக்குள்ளேயே டெலிபோனைப் பார்த்துக்கொண்டு கிடக்காமல் வெளியே போகிறானே என்ற திருப்தியும் உண்டு.

இவை நியாயமான காரணங்கள். ஆகவே, இந்த மோகத்தை வெறும் பகட்டு என்று தள்ளிவிட முடியாது.

60 வருடத்து ஆசை

மோட்டார் சைக்கிளைப் போன்ற சைக்கிள் வேண்டும் என்ற ஆசை புதியது அல்ல. கலிபோர்னியாவுக்கு அது மிகப் பழக்கமான ஆசை.

1960-களின் தொடக்கத்தில் தெற்குக் கலிபோர்னியாப் பையன்கள் ஒரு காரியம் செய்தார்கள். சாதாரணச் சின்ன சைக்கிளில் உயரமான கைப்பிடியையும், வாழைப்பழம் போல் நீண்ட ஆசனத்தையும் தாங்களே பொருத்திக்கொண்டார்கள். சிக்காகோ நகரத்து "ஷ்வின்" சைக்கிள் கம்பெனியின் அதிகாரி ஆல் பிரிட்ஸ் இதைக் கேள்விப்பட்டார். 1963-ல் அதே உருவத்தில் "ஸ்டிங் ரே" என்ற சைக்கிளைக் கம்பெனியே விற்பனைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்கா முழுவதும் சிறுவர்கள் அதற்காக வீட்டில் அடம் பிடித்தார்கள். சில வருடங்களில் இங்கிலாந்தின் "ராலே" கம்பெனியும் "சாப்பர்" என்ற சைக்கிளை அதே பாணியில் வெளியிட்டது.

அந்த சைக்கிள்களில் ஒரு குறை. மோட்டார் சைக்கிள் போல இருக்கும். ஆனால் மிதித்தால்தான் ஓடும்!

அந்தக் குறையை மின்சாரம் தீர்த்துவைத்தது. 2016-ல் கலிபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டியில் "சூப்பர் 73" என்ற கம்பெனி தொடங்கியது. 1970-களின் சின்ன மோட்டார் சைக்கிள் உருவத்தில் மின்சார சைக்கிளைச் செய்து விற்றது. அதைப் பார்த்து வேறு பல கம்பெனிகளும் இறங்கின.

சைக்கிள் பெற்ற பிள்ளை

உண்மையில் மோட்டார் சைக்கிளே சைக்கிள் பெற்ற பிள்ளைதான்.

1901-ல் "இந்தியன்" மோட்டார் சைக்கிளை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜார்ஜ் ஹெண்டி சைக்கிள் தயாரிப்பாளர். "ஹார்லி டேவிட்சன்" கம்பெனியை மில்வாக்கி நகரில் தொடங்கிய வாலிபர்கள் முதலில் செய்து பார்த்தது, சைக்கிளில் ஒரு சின்ன எஞ்சினைப் பொருத்தியதுதான். அந்த வண்டி மேட்டில் ஏற முடியாமல் திணறியது. பெடலை மிதித்து எஞ்சினுக்கு உதவ வேண்டியிருந்தது!

அன்று மனிதன் மிதித்து எஞ்சினுக்கு உதவினான். இன்று மின்சார மோட்டார், மிதிக்கும் மனிதனுக்கு உதவுகிறது. எது வரை உதவினால் அது சைக்கிள்? எதைத் தாண்டினால் அது மோட்டார் சைக்கிள்? இதுதான் சட்டத்தின் முன் நிற்கும் கேள்வி.

மூன்று வகுப்புகள்

அமெரிக்க மத்திய அரசாங்கம் 2002-ல் ஒரு சட்டம் செய்தது. மிதிக்கக்கூடிய பெடல் இருக்க வேண்டும். மோட்டாரின் சக்தி 750 வாட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும். மோட்டாரின் பலத்தால் மட்டும் ஓடும்போது வேகம் மணிக்கு 20 மைலுக்குக் குறைவாக இருக்க வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் அதை மோட்டார் வாகனமாக அல்ல, சைக்கிளாகவே கருதித் தயாரிக்கலாம், விற்கலாம் என்றது அந்தச் சட்டம்.

750 வாட் என்பது ஏறக்குறைய ஒரு குதிரை சக்தி. 20 மைல் என்பது 32 கிலோ மீட்டர்.

தெருவில் ஓட்டுவதற்கான விதியை அந்தந்த மாநிலம்தான் செய்ய வேண்டும். கலிபோர்னியா 2015-ல் சட்டம் இயற்றி, 2016 ஜனவரி 1 முதல் அமலுக்குக் கொண்டுவந்தது. ரெயிலில் வகுப்பு இருப்பது போல மின்சார சைக்கிளுக்கும் 3 வகுப்புகள் ஏற்பட்டன. அவை வருமாறு:-

முதல் வகுப்பு: மிதித்தால்தான் மோட்டார் உதவும். வேகம் 20 மைலை எட்டியதும் உதவி நின்றுவிடும்.

2-ம் வகுப்பு: மிதிக்காமலே, ஆக்சிலேட்டரால் ஓட்டலாம். இதற்கும் 20 மைல்தான் எல்லை.

3-ம் வகுப்பு: மிதித்தால்தான் மோட்டார் உதவும். ஆனால் 28 மைல் வரை, அதாவது 45 கிலோ மீட்டர் வரை, உதவும். வேகம் காட்டும் கருவி கட்டாயம். ஓட்டுகிறவருக்கு 16 வயது நிரம்பியிருக்க வேண்டும். எந்த வயதினரானாலும் ஹெல்மெட் போட வேண்டும்.

மூன்றுக்கும் லைசென்சு வேண்டாம். பதிவு வேண்டாம். முதல் 2 வகுப்புகளுக்கு மாநிலம் முழுவதற்குமான வயது வரம்பு எதையும் அந்தச் சட்டம் வைக்கவில்லை. 18 வயதுக்கு உட்பட்டவர்கள் ஹெல்மெட் போட வேண்டும், அவ்வளவுதான்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. "மோட்டார் சைக்கிள் போல இருக்கக்கூடாது" என்று சட்டத்தில் எங்கும் இல்லை. டயரின் அகலத்தைப் பற்றிப் பேச்சு இல்லை. ஆசனத்தின் நீளத்தைப் பற்றியும் இல்லை. பெடல் உண்டா? சக்தி எவ்வளவு? வேகம் எவ்வளவு? சட்டம் கேட்பது இவற்றைத்தான்.

சின்ன எழுத்தில் பெரிய விஷயம்

அப்படியானால் எது எந்த வகுப்பு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அதற்கும் வழி உண்டு. 2017 முதல், ஒவ்வொரு மின்சார சைக்கிளிலும் தயாரிப்பாளர் ஒரு சீட்டை நிரந்தரமாக ஒட்ட வேண்டும். வகுப்பு எண், அதிகபட்ச வேகம், மோட்டாரின் வாட் ஆகிய மூன்றும் அதில் இருக்க வேண்டும். எழுத்து குறைந்தது 9 பாயிண்டு அளவில் இருக்க வேண்டும் என்றுகூடச் சட்டம் சொல்கிறது.

9 பாயிண்டு என்பது பத்திரிகையில் வரும் சின்ன எழுத்து. வண்டியின் வட்ட விளக்கும் பருத்த டயரும் தூரத்திலிருந்தே கண்ணைப் பறிக்கின்றன. பிள்ளையின் பாதுகாப்பு அடங்கிய சீட்டையோ குனிந்து தேடிப் படிக்க வேண்டியிருக்கிறது!

வகுப்பில் சேராத வண்டி

இந்த 3 வகுப்பிலும் சேராத வண்டிகளும் விற்பனைக்கு வந்துவிட்டன. சிலவற்றுக்குப் பெடலே கிடையாது. சிலவற்றின் மோட்டார் பல ஆயிரம் வாட் சக்தி கொண்டது. மணிக்கு 40 மைலுக்கு மேல் பறப்பவையும் உண்டு. கடைக்காரர் இதையும் "மின்சார சைக்கிள்" என்றே சொல்லி விற்றால், வாங்குகிறவர் நம்பிவிடுகிறார்.

கலிபோர்னியாச் சட்டப்படி, சக்தி 4 குதிரை சக்திக்குக் குறைவாகவும், வேகம் 30 மைலுக்கு மேற்படாமலும் இருந்தால் அது மொபெட் வகையில் சேரும். அதற்கு லைசென்சும் நம்பர் பிளேட்டும் வேண்டும். அதையும் தாண்டினால் மோட்டார் சைக்கிள் சட்டம் வந்துவிடும். தெருவில் ஓடும் வண்டிக்குரிய பதிவு பெறாவிட்டால், அதைத் தெருவில் ஓட்டவே கூடாது.

ஆகவே, மகனுக்கு சைக்கிள் வாங்கிக் கொடுத்ததாக நினைக்கும் தகப்பனார், உண்மையில் லைசென்சு இல்லாத சிறுவன் கையில் மோட்டார் சைக்கிளைக் கொடுத்திருக்கலாம்!

பூட்டைத் திறக்கும் தந்திரம்

இன்னொரு தந்திரமும் உண்டு. வண்டி கடையை விட்டு வரும்போது 2-ம் வகுப்பாக இருக்கும். சீட்டிலும் அப்படியே போட்டிருக்கும். ஆனால் சில வண்டிகளில் டெலிபோன் மூலமோ, கைப்பிடியில் உள்ள பொத்தான் மூலமோ வேகப் பூட்டைத் திறந்துவிடலாம். உடனே 20 மைல் வண்டி 28 மைலோ அதற்கு மேலோ பாயும். அப்பாவுக்குத் தெரியாமல் பையன் இதைச் செய்துவிடுகிறான்.

இதைத் தடுக்கக் கலிபோர்னியா 2024-ல் புதுச் சட்டங்கள் செய்தது. 2025 ஜனவரி 1 முதல் அவை அமலுக்கு வந்தன. மோட்டாரால் மட்டும் 20 மைலைத் தாண்டும்படி மாற்றிக்கொள்ள இடம் வைத்துத் தயாரித்த வண்டி, மின்சார சைக்கிளே அல்ல என்று சட்டம் இப்போது தெளிவாகச் சொல்கிறது. சட்ட எல்லையைத் தாண்டும்படி வேகத்தைக் கூட்டும் கருவிகளை விற்பதும் தடை செய்யப்பட்டது.

அதே 2024-ல், 2 கவுண்டிகளுக்கு மட்டும் பரீட்சார்த்தமாக ஒரு அதிகாரம் கொடுக்கப்பட்டது. மரின் கவுண்டியில், 16 வயதுக்கு உட்பட்டவர்கள் 2-ம் வகுப்பு வண்டி ஓட்டுவதைத் தடுக்கலாம். சான் டியாகோ கவுண்டியில், 12 வயதுக்கு உட்பட்டவர்கள் முதல் 2 வகுப்பு வண்டிகளையும் ஓட்டுவதைத் தடுக்கலாம். 2029-ம் ஆண்டின் தொடக்கம் வரை இந்த ஏற்பாடு.

வேகத்தின் கணக்கு

"20 மைலுக்கும் 28 மைலுக்கும் என்ன பெரிய வித்தியாசம்? 8 மைல்தானே?" என்று சிலர் கேட்கலாம்.

அங்கேதான் கணக்கு ஏமாற்றுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் பலம் இரண்டு மடங்கு ஆவதில்லை; நாலு மடங்கு ஆகிறது! 20 மைல் வேகத்தில் இருக்கும் மோதலின் பலம், 28 மைலில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. 40 மைலில் நாலு மடங்கு.

20 மைல் வேகத்தில் வண்டி ஒரு வினாடியில் 29 அடி தூரம் போகும். 40 மைலில் 58 அடிக்கு மேல் போகும். குறுக்கே கார் வருவதைப் பையன் பார்த்து, பிரேக்கைப் பிடிக்க நினைப்பதற்குள் ஒரு வினாடி போய்விடும். பிரேக் பிடிப்பதற்கு முன்பே வண்டி அவ்வளவு தூரம் ஓடிவிட்டது என்று அர்த்தம்.

பின்னால் சிநேகிதன் வேறு உட்கார்ந்திருந்தால், எடை கூடிவிடும். நிற்க இன்னும் தூரம் வேண்டும். வண்டியில் சத்தம் இல்லாததால், நடந்து போகிறவர்களுக்கு அது வருவதும் தெரியாது.

லைசென்சு வாங்குகிறவன் சாலை விதிகளைப் படிக்கிறான், பரீட்சை எழுதுகிறான். சைக்கிள் ஓட்டும் சிறுவனுக்கு அந்தப் பரீட்சை இல்லை. வண்டியின் சக்தி வளர்ந்துவிட்டது. ஓட்டுகிறவனின் பயிற்சி வளரவில்லை.

ஹாலந்து பட்ட பாடு

சைக்கிளுக்குப் பெயர் போன நாடு ஹாலந்து. அங்கேயும் பருத்த டயர் மின்சார சைக்கிள் சிறுவர்களிடையே பரவிவிட்டது. அதற்கு "பேட் பைக்" என்று பெயர். அதாவது குண்டு சைக்கிள்!

அந்த நாட்டுச் சட்டம் கலிபோர்னியாவை விடக் கடுமையானது. மோட்டார் 250 வாட்டுக்கு மேல் போகக்கூடாது. மிதித்தால்தான் உதவி. 25 கிலோ மீட்டர் வேகத்தில் உதவி நின்றுவிட வேண்டும். 45 கிலோ மீட்டர் போகும் மின்சார சைக்கிளை 2017 முதல் மொபெட்டாகவே கருதுகிறார்கள். அதற்கு லைசென்சு, நம்பர் பிளேட், ஹெல்மெட் எல்லாம் வேண்டும். கலிபோர்னியாவில் சைக்கிளாக இருப்பது, கடலைத் தாண்டினால் மொபெட் ஆகிவிடுகிறது!

இருந்தும், வேகப் பூட்டைத் திறந்து ஓட்டும் சிறுவர்களால் விபத்துகள் நேர்ந்தன. குண்டு சைக்கிளுக்கு மட்டும் வயது வரம்பும் ஹெல்மெட்டும் வேண்டும் என்று 2024-ல் பாராளுமன்றத்தில் பெரும்பான்மை உறுப்பினர்கள் கோரினார்கள். அரசாங்கம் விழித்தது. குண்டு சைக்கிள் என்று சட்டத்தில் எப்படி எழுதுவது? டயரின் அகலத்தை வைத்து எழுதினால், தயாரிப்பாளர் டயரைக் கொஞ்சம் ஒல்லியாக்கித் தப்பித்துவிடுவாரே!

உருவத்தை வைத்து வகுப்புப் பிரிக்க முடியாது என்பது அங்கே வெட்டவெளிச்சமாயிற்று. ஓடவிட்டு வேகத்தை அளந்தால்தான் உண்மை தெரியும். ஆகவே போலீசார் உருளைக் கருவியில் சக்கரத்தை ஓடவிட்டுச் சோதிக்கிறார்கள்.

இந்தியாவில் என்ன விதி?

பெடல் இருந்தும் மோட்டார் வாகனமான ஒரு வண்டியைத் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் நன்றாக அறியும். 1980-ல் ஓசூரில் தயாராகி வந்த டி.வி.எஸ். 50 மொபெட்டுக்குப் பெடல் இருந்தது. ஆனால் அதை சைக்கிள் என்று யாரும் சொல்லவில்லை. பெடல் மட்டும் இருந்தால் போதாது என்பதற்கு அது நல்ல உதாரணம்.

மின்சார வண்டிக்கு இந்திய விதி இதுதான்:- மோட்டாரின் சக்தி 250 வாட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும். வேகம் மணிக்கு 25 கிலோ மீட்டருக்குக் குறைவாக இருக்க வேண்டும். பாட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்கு மேல் போகக்கூடாது. அங்கீகாரம் பெற்ற பரிசோதனை நிலையத்தின் ஒப்புதலும் வேண்டும். இவ்வளவும் இருந்தால்தான் லைசென்சும் பதிவும் தேவை இல்லை.

இவற்றில் ஒன்று தவறினாலும் அது மோட்டார் வாகனம். அதைச் சிறுவன் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், 2019-ம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி பெற்றோருக்கோ வண்டிச் சொந்தக்காரருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25 ஆயிரம் ரூபாய் அபராதமும் உண்டு. அந்தச் சிறுவனுக்கு 25 வயது வரை லைசென்சு கிடைக்காது.

வாங்கும் முன் 5 கேள்விகள்

எந்த ஊரிலும், எந்தக் கடையிலும் பெற்றோர் கேட்க வேண்டிய கேள்விகள் இவை:-

1. மோட்டார் எத்தனை வாட்?

2. மிதிக்காமல் ஓட்டினால் அதிகபட்ச வேகம் எவ்வளவு?

3. அந்த வேகத்தைக் கூட்ட ஏதாவது பொத்தானோ, டெலிபோன் வழியோ உண்டா?

4. இந்த விவரங்கள் வண்டியிலும் ரசீதிலும் எழுத்தில் இருக்கின்றனவா?

5. ஓட்டப்போகும் பிள்ளைக்கு அந்த வேகத்தில் பிரேக் பிடித்து நிறுத்தத் தெரியுமா?

முதல் 4 கேள்விக்குக் கடைக்காரர் பதில் சொல்ல வேண்டும். வாயால் சொன்னால் போதாது. எழுத்தில் காட்ட வேண்டும். 5-வது கேள்விக்குப் பதில் வீட்டில்தான் இருக்கிறது. காலி மைதானத்துக்குக் கூட்டிப் போய், ஓட்டச் சொல்லி, நிறுத்தச் சொல்லிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பிள்ளைக்கு ஆசை உருவத்தின் மேல். அதில் தவறு இல்லை. 60 வருடத்துக்கு முன் வாழைப்பழ ஆசனத்துக்கு ஏங்கிய பையனும் அவனைப் போன்றவன்தான். ஆனால் ஆசனம் நீளமாக இருப்பதால் யாருக்கும் அடிபடுவதில்லை. வேகம்தான் அடிக்கிறது. ஆகவே, பணத்தை எண்ணிக் கொடுக்கும் முன்பு, பெரியவர்கள் ஒரு நிமிடம் குனிந்து, அந்தச் சின்ன எழுத்துச் சீட்டைப் படித்துவிட வேண்டும். படிக்கத் தெரிந்ததன் பலன்களில் அதுவும் ஒன்று!